பத்துக்கு எத்தனை

"தோட்டைக் கழட்டியாச்சா? அப்ப இன்னைக்கும் மகாராணி கிளம்பியாச்சு!"

கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் காதுத் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் மாமியார் வந்து நின்றாள். காலை ஆறரை மணி. வீடு மாடியில், சலவைக்கூடம் கீழே. துவைக்கும் இயந்திரங்கள் இரண்டும் சுற்ற ஆரம்பித்திருந்ததில் அடுப்படியில் கரண்டிகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்தியம் செய்யும் காந்த இயந்திரத்தின் பக்கத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பதால் தினமும் தோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு கையால் கழற்ற ஐந்து நிமிஷம் ஆகும்.

"ஏழரைக்கு அங்க இருக்கணும் அத்தை. ஒன்பதுக்குள்ள வந்துடுவேன்."

"வந்து என்ன பண்ணப் போற? தங்கும் விடுதி விரிப்பு முந்நூறு கீழ மலை மாதிரி கெடக்கு. மடிக்கற பொண்ணுங்க கூப்பிடறாங்க, பொண்ணு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பறா, அடுப்புல பால் பொங்குது... இவங்க மட்டும் தலைக்குத் தொப்பி போட்டுக்கிட்டு நாற்காலியில சாஞ்சுக்கப் போறாங்க!"

"அத்தை, டாக்டர் ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு..."

"டாக்டர்! நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. கையில வலின்னா கைக்கு வைத்தியம் பண்ணுவாங்க. கால்ல வலின்னா காலுக்குப் பண்ணுவாங்க. உனக்கு மண்டைக்குப் பண்றாங்க! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடற வைத்தியத்தை நான் எங்கயும் பாத்ததில்ல. உன் கையில ஒண்ணும் இல்லன்னு அந்த டாக்டருக்கே தெரிஞ்சு போச்சு. அதான் மண்டையப் பாக்கறாங்க. வெளிய தெரிஞ்சா என் மானம்தான் போகும்!"

அவளுடைய கணவன் மேஜையில் உட்கார்ந்து, தேநீருக்குள் எதையோ தொலைத்தவன் மாதிரி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். துணி ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டுகிறவன்; எதிரே எந்த வண்டி வந்தாலும் ஒதுங்கிக் கொடுத்தே பழகியவன்.

"அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு..." என்றான். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போறதும் நல்லதுதான்..." என்றான்.

"பரவாயில்ல அத்தை" என்றாள் அவள், பழக்கதோஷத்தில். பிறகு தோட்டை டப்பாவில் போட்டு மூடினாள். "வந்து எல்லா விரிப்பையும் நானே மடிச்சுடறேன். ஆனா போயிட்டுத்தான் வருவேன்."

நான்கு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவள் வாயிலிருந்து 'ஆனா' என்று ஒரு சொல்லைக் கேட்டதில்லை. மாமியார் அடுத்த வசையை ஆரம்பிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'பரவாயில்லையக்கா'. மடிக்கிற பெண்கள் வைத்தது. பசிக்கிறதா என்றால் பரவாயில்லை. உட்காருங்கள் என்றால் பரவாயில்லை. மாமியார் ஊரைக் கூட்டி வைதுவிட்டுப் போனாலும் பரவாயில்லை. அவள் ஒருநாள் செத்துப் போனால்கூட, தூக்க வருகிறவர்களிடம் எழுந்து 'பரவாயில்லை, நானே நடந்து வருகிறேன்' என்று சொல்லிவிடுவாள் என்று அந்தப் பெண்கள் சிரிப்பார்கள்.

ஆனால் நான்கு வருஷத்துக்கு முன்பு நடந்தது பரவாயில்லை என்று சொல்லக்கூடியதல்ல.

கூடத்தின் நடுவில் ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காயவைத்து, சுருக்கமில்லாமல் வெளியே தள்ளும் சூட்டு உருளை ஒன்று இருக்கிறது. வாயில் ஒரு தடுப்புக் கம்பி. விரல் பட்டால் உருளை நின்றுவிடும். கனமான விரிப்பு பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொல்லை. அன்றைக்கு வேலை மலையாகக் குவிந்திருந்தது. அவளுடைய கொழுந்தன், வீட்டில் எல்லோருக்கும் அவன் 'சின்னவன்', யாரிடமும் சொல்லாமல் கம்பியைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். அவள் வந்து வழக்கம்போல விரிப்பைக் கொடுத்தாள். விரிப்போடு அவளுடைய வலது கையும் மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.

தொழிற்கூடங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டார்: "கம்பியக் கழட்டினது யாரும்மா?"

அவர் முதுகுக்குப் பின்னால் சின்னவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தம் இல்லை. அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பத்து வயது. அப்பா இல்லாத பையன். அவள் கையால் சாப்பிட்டு, அவள் கையால் எழுதப் பழகியவன். வழக்கு என்று வந்தால் இருபத்திரண்டு வயதில் அவன் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான்தான் கழட்டினேன் சார். வேலை சீக்கிரம் முடியட்டும்னு."

அந்த ஒரு பொய்யோடு அவள் வீட்டுக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து கூடத்தில் என்ன தவறு நடந்தாலும் மாமியார் அதில்தான் வந்து முடிப்பாள்: 'தானே கழட்டி, தானே கைய விட்டவ'. சின்னவன் அதைக் கேட்டு எழுந்து வெளியே போய்விடுவான். நான்கு வருஷமாக அவன் அண்ணியின் வலது கையை நிமிர்ந்து பார்த்ததில்லை.

தோல் ஆறியது. எலும்பு கூடியது. எக்ஸ்ரே எடுத்தவர்கள் எல்லாம் ஒன்றுமில்லை என்றார்கள். வலி மட்டும் அங்கேயே குடியிருந்தது. ஈரத்துணி பட்டால் நெருப்பாக எரியும், சட்டைக் கை உரசினால் ஊசியாகக் குத்தும். முதல் வருஷம் அழுதாள். இரண்டாம் வருஷம் அழுகையும் நின்றுபோயிற்று. அதுதான் இன்னும் மோசம். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி ஓடி வந்தபோது, சிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, சிரிப்புதான் வரவில்லை. வீடு அதற்கும் ஒரு பெயர் வைத்தது: அழுத்தக்காரி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் பஞ்சை எடுத்து அந்தக் கையில் மெல்ல ஒற்றிப் பார்த்தாள். பஞ்சு பட்டதும் அவள் நாற்காலியோடு பின்னால் போனாள்.

"காயம் ஆறினது கைக்குத் தெரியும்மா. மூளைக்கு இன்னும் தெரியல" என்றாள் டாக்டரம்மா. "அது இன்னும் வலி வலின்னு கத்திட்டே இருக்கு. கையை ஆட்டற இடம் மூளையில எதுன்னு கண்டுபிடிச்சு, வெளியிலிருந்தே காந்தத்தால தட்டுவோம். கத்தி இல்ல, ஊசி இல்ல. வாரத்துக்கு அஞ்சு நாள், மொத்தம் இருபது தடவை. எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். கேட்டா வலி கொஞ்சம் அடங்கலாம், தூக்கம் வரலாம், மனசும் லேசாகலாம். வர்றீங்களா?"

"வர்றேன்" என்றாள் அவள். யாரையும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

முதல் நாள் தலைக்கு ஒரு துணித் தொப்பி மாட்டினார்கள். இயந்திரத்தை இயக்கும் பெண், மூக்குக்கண்ணாடிபோல இரண்டு வளையங்கள் ஒட்டியிருந்த ஒரு கருவியை அவள் தலையின் இடது பக்கத்தில் வைத்து, 'டக்' என்று ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு தட்டு. ஏழாவதோ எட்டாவதோ தட்டில், மடிமேல் கிடந்த வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது! அந்த இடத்தில் தொப்பிமேல் பேனாவால் குறி வைத்தார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வலியைத் தவிர வேறெதையும் செய்ய மறந்துபோன கை, அவளைக் கேட்காமலேயே ஒரு சின்னத் துள்ளல் துள்ளியதே!

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே ஒரு நாளைக்கு மூவாயிரம் அடி. காதில் பஞ்சடைத்துக்கொண்டு, டக் டக் டக் என்று மண்டையோட்டில் யாரோ விரலால் சுண்டுவதைப் பொறுத்துக்கொண்டு ஒன்பது நாள் போய்வந்தாள். இன்றைக்குப் பத்தாவது.

அன்று தட்டி முடித்ததும் டாக்டரம்மா அவளுடைய குறிப்பேட்டை வாங்கிப் பிரித்தாள். ஒவ்வொரு நாளும் வலி பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டிய குறிப்பேடு.

"மூணு... மூணு... ரெண்டு... மூணு... ரெண்டு..." டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியது. "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூணு. நேத்து ரெண்டு. இதுல என்னம்மா குறைஞ்சிருக்கு?"

"குறைஞ்சிருக்கு டாக்டர்... நெஜமா குறைஞ்சிருக்கு. போன வாரம் நாலு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினேன்."

"அதை எழுதலையே. பத்து தடவைக்கு அப்புறம் மாற்றம் இல்லன்னா நிறுத்திடணும். அதுதான் இங்க நடைமுறை. இந்த நாற்காலிக்காக வெளிய பன்னிரண்டு பேர் காத்திருக்காங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன். அன்னைக்குக் கை உருளைக்குள்ள போச்சே, அப்ப எத்தனை?"

அவள் யோசித்தாள். "அது... ஆறு இருக்கும் டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "ஆறா? அப்ப பத்து யாருக்கு?"

"அதைவிடப் பெரிய வலிக்காரங்க இருப்பாங்கல்ல டாக்டர்... அவங்களுக்கு வேணாமா?"

பக்கத்தில் நின்ற இயந்திரக்காரப் பெண் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலியின் கணக்கிலும் கடைசிப் பந்தியில் உட்காரும் ஒருத்தியை அவள் அதுவரை பார்த்ததில்லை போலும்.

"நீங்க எழுதினதை நான் அடிச்சுத் திருத்த முடியாது" என்றாள் டாக்டரம்மா. "ஆனா வீட்டுல தினமும் உங்களைப் பாக்கறவங்க யாராவது வந்து, முன்னாடி எப்படி இருந்தீங்க, இப்ப எப்படி இருக்கீங்கன்னு சொல்லலாம். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. அதுக்கும் இதே மதிப்புதான். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா இன்னையோட முடிஞ்சது."

பேருந்தில் திரும்பும்போது அவள் நினைத்துப் பார்த்தாள். தினமும் பார்க்கிறவர் யார்? கணவன் விடிந்தால் வண்டியில், பொழுது சாய்ந்தால் கட்டிலில். மகள் சின்னவள். காலையிலிருந்து இரவு வரை, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவளைப் பார்ப்பது உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் என்ன சொல்லுவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். வேறு வழி இல்லை. தூக்கம் என்றால் என்னவென்று நான்கு மணி நேரம் ருசி கண்டவள், அதை விட்டுக்கொடுக்க மாட்டாள்!

பிற்பகலில் எல்லோரும் மடிக்கும் மேஜையைச் சுற்றி நின்றபோது, அவள் விரிப்பின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இடது கையால் மடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"அத்தை, நாளைக்கு நீங்க என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"நானா? எனக்கெதுக்கு மண்டை வைத்தியம்?"

"என்னைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். அவ்வளவுதான்."

மாமியார் மடித்த துணியைத் தட்டி வைத்தாள். "மறைக்காமயா? நல்லா யோசிச்சுக்கோ. உன்ன மாதிரி பூசி மெழுக எனக்குத் தெரியாது. உள்ளதை உள்ளபடி போட்டு உடைச்சுடுவேன். உன் வேஷம் அங்கயே கலைஞ்சுடும்!"

"தெரியும் அத்தை. அதனாலதான் உங்களைக் கூப்பிடறேன்."

மடிக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். உருளைக்குப் பின்னாலிருந்து சின்னவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன்மா."

மறுநாள் ஏழரைக்கு மாமியார், நல்ல புடவை கட்டி, சாட்சிக் கூண்டில் ஏறுகிற தோரணையில் டாக்டரம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். அவள் சற்றுத் தள்ளி அந்தச் சாய்வு நாற்காலியில், தலையில் தொப்பியோடு. சின்னவன் கதவோரத்தில் நின்றான்.

"சொல்லுங்கம்மா. இந்த வைத்தியத்துக்கு முன்னாடி உங்க மருமக வீட்டுல எப்படி இருந்தாங்க?"

"எப்படியா? ஒரு வேலை உருப்படியா செய்ய மாட்டா டாக்டரம்மா! வாளியத் தூக்கச் சொன்னா இடது கையில தூக்கிட்டு, வழியெல்லாம் தண்ணியச் சிந்திட்டு வருவா. வலது கைய என்னமோ கண்ணாடிச் சாமான் மாதிரி நெஞ்சோட அணைச்சு வச்சுக்குவா."

டாக்டரம்மா எழுதினாள். "எத்தனை நாளா?"

"நாளா? நாலு வருஷமா! குழாய்த் தண்ணியில அந்தக் கைய நீட்ட மாட்டா. துண்டை முறுக்கிப் பிழிய மாட்டா, முழங்கையால அமுக்கிப் பிழிவா. பெத்த பொண்ணுக்குத் தலை வாரிச் சடை போட மாட்டா, நாலு வருஷமா நான்தான் போடறேன். கேட்டுக்கோங்க!"

"பின்னிப் பாத்தாங்களா?"

"ஒரு தடவை பின்னினா. முடி உள்ளங்கையில உரசினதும் சீப்பைக் கீழ போட்டுட்டா. அப்புறம் பின்றதே இல்ல. நான் பின்றப்ப வாசப்படியில நின்னு பாத்துட்டே இருப்பா... சடை முடியற வரைக்கும் நிப்பா..." மாமியாரின் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே நிமிர்த்திக்கொண்டாள். "தூங்கறதும் இல்ல. எவ்வளவு குளிரானாலும் கைய மட்டும் போர்வைக்கு வெளிய நீட்டிட்டுப் படுப்பா. ஒரு நாள் நான்தான் போர்த்திவிட்டேன். அதுக்கு அப்படியே துள்ளி எழுந்து, இடது கையால வாயைப் பொத்திக்கிட்டா!"

"வாயை ஏன் பொத்தினாங்க?"

"கத்தி எங்களை எழுப்பிடக் கூடாதுன்னு..."

சொல்லிவிட்டு மாமியார் நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே அப்போதுதான் கேட்டவள்போல இருந்தது. டாக்டரம்மா எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

"ஆள் இருக்கறப்பதான் இப்படியா, இல்லாதப்பவும் இப்படியாம்மா?"

"ஆள் இருந்தா பல்லும் இடது கையுமா சமாளிச்சு மடிப்பா. ஆள் போனதும்தான் கைய மேஜைக்கு அடியில வச்சுக்கிட்டு, கண்ணை மூடி, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பா. நான் கதவிடுக்குல எத்தனையோ நாள் பாத்திருக்கேன்."

"கதவிடுக்குலயா? எதுக்கு?"

"வேஷம் எப்ப கலையுதுன்னு பாக்கத்தான்..."

"கலைஞ்சுதா?"

மாமியார் புடவைத் தலைப்பை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடியும் சுற்றினாள். நடிக்கிறவள் ஆள் இருக்கும்போதுதானே நடிப்பாள்? நான்கு வருஷம் கதவிடுக்கில் நின்றவளுக்கு இந்தச் சின்னக் கணக்கு ஏன் தோன்றவில்லை? இத்தனை நாள் வண்டி வண்டியாகச் சேர்த்து வைத்த குற்றப்பத்திரிகை முழுவதும், வாசிக்க வாசிக்க, மருமகளின் வலிக்குச் சாட்சியாக மாறிக்கொண்டிருந்தது.

"சரி... இந்த ரெண்டு வாரத்துல ஏதாவது மாறியிருக்கா?" என்றாள் டாக்டரம்மா.

மாமியார் சுற்றிய தலைப்பை விரலிலிருந்து உருவினாள். "போன வாரம் காலையில எழுப்பப் போனேன். தூங்கிட்டிருந்தா. போர்வை... அந்தக் கைமேலயே இருந்துச்சு. எழுப்ப மனசு வரல. கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். முந்தாநாள் பொண்ணு ஏதோ சொன்னதுக்குச் சிரிச்சா டாக்டரம்மா. இவ சிரிப்பையே நான் மறந்துட்டேன்..."

"பத்துக்கு எத்தனை போடலாம்மா, ஆரம்பத்துல?"

மாமியார் திரும்பி மருமகளைப் பார்த்தாள். "எட்டு... இல்ல. ஒன்பது போடுங்க."

"இப்ப?"

"ஆறு, ஏழு இருக்கும். முழுசா போகல. பொய் சொல்ல மாட்டேன்."

"போதும்மா" என்று டாக்டரம்மா படிவத்தில் கையெழுத்திட்டாள். "இருபதும் முடிப்போம்."

சாய்வு நாற்காலியில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இமைக்கு அடியிலிருந்து நீர் வழிந்து தொப்பியின் நாடாவை நனைத்தது.

பாதி வழி வந்துவிட்டதால் இயந்திரக்காரப் பெண் இடத்தை மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. கருவியைத் தலையின் இடது பக்கத்தில் வைத்தாள். டக். மடிமேல் கிடந்த வலது கட்டைவிரல் துள்ளியது.

"ஏய், கைய ஏன் ஆட்டற?" என்றாள் மாமியார் பதறி.

"நான் ஆட்டல அத்தை."

கருவி ஒரு விரற்கடை தள்ளிப்போயிற்று. டக். ஒன்றுமில்லை. பழைய இடத்துக்கு வந்தது. டக். விரல் துள்ளியது. மாமியார் எழுந்து கிட்டே வந்து, தொப்பியையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தட்டறது அங்க... துள்ளறது இங்க..." என்றாள். "அப்ப முடிச்சு இருக்கத்தான் செய்யுதா?"

"இருக்கும்மா. கைக்கான இடம் அங்கதான்" என்றாள் அந்தப் பெண்.

ஆனாலும் பழக்கம் சட்டென்று விடுமா? தோற்றுப்போனவள் கடைசியாக ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் சரி... ஆனா இதை இவளே தேடிக்கிட்டாளே டாக்டரம்மா! அந்தக் கம்பிய மட்டும் கழட்டாம இருந்திருந்தா..."

"அம்மா!"

கதவோரத்திலிருந்து வந்த குரலில் எல்லோரும் திரும்பினார்கள். சின்னவன் அழுதுகொண்டிருந்தான். அவன் பார்வை, நான்கு வருஷத்தில் முதல்முறையாக, அண்ணியின் வலது கையில் நின்றது.

"அண்ணி கழட்டலம்மா. நான் கழட்டினேன்."

"தம்பி, வேண்டாம்..."

"விடுங்க அண்ணி! இன்னும் எத்தனை நாளைக்கு? நான்தான்மா கழட்டினேன். சொல்லாம விட்டுட்டு டீ குடிக்கப் போனேன். அதிகாரி வந்து கேட்டப்ப நான் பின்னாடிதான் நின்னேன்... என் மூஞ்சியப் பாத்துட்டு அண்ணி தன் பேரைச் சொல்லிட்டாங்க. நீ தினமும் 'தானே கழட்டினவ, தானே கழட்டினவ'ன்னு திட்டறப்ப, நான் எழுந்து போயிடுவேன்... நான் ஒரு கோழைம்மா!"

மாமியாரின் கை ஓங்கியது. பாதியில் நின்றது. அறைவதற்கு அந்தக் கைக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியதோ என்னவோ, அது தானாகக் கீழே விழுந்தது. அவள் நாற்காலியின் பக்கத்தில் வந்து மருமகளின் வலது கையை நோக்கிக் குனிந்தாள். தொடப் போனாள், பயந்து இழுத்துக்கொண்டாள்.

"எங்க தொட்டா வலிக்காது? சொல்லு... எங்க தொடட்டும்?"

"முழங்கைக்கு மேல... பரவாயில்ல அத்தை."

"பரவாயில்லன்னு சொல்லாத!" மாமியார் வெடித்து அழுதாள். "அந்தச் சொல்ல வச்சே எங்க எல்லாரையும் பாவியாக்கிட்டியே! நான் வாய் ஓயாம பேசினேன், நீ வாயே திறக்கல... ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா? என்னை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இனிமே வலிக்குதுன்னு சொல்லு. எத்தனைன்னு சொல்லு!"

முழங்கைக்கு மேலே அவளைப் பிடித்து, தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இருவரும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள்.

"அம்மா... தலை அசையுது... இடம் மாறிடும்மா..." என்றாள் இயந்திரக்காரப் பெண், தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மாமியார் சட்டென்று விலகினாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மருமகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைய மூவாயிரம் தட்டும் முடியும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது வண்டியில் சின்னவன், "என்னை மன்னிச்சுடுங்க அண்ணி" என்றான்.

"மன்னிச்சு நாலு வருஷம் ஆச்சு தம்பி" என்றாள் அவள். குரல் தெளிவாக இருந்தது. "ஆனா நான் சொன்ன பொய்யை இனிமே நான் சுமக்க மாட்டேன். சொல்ல வேண்டிய இடத்துல நீயே போய்ச் சொல்லு."

அவன் அன்றைக்கே அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தான். ஒரு வாரம் உருளையை முத்திரை வைத்து நிறுத்தினார்கள். அந்த ஒரு வாரமும் அவனே நின்று விரிப்புகளைக் கையால் தேய்த்தான். ஒருவரும் பாவம் பார்க்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

கணவன்தான், "எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சே..." என்று கலங்கினான்.

"நீங்க கேக்கலைங்க" என்றாள் அவள். "கேட்டிருந்தாலும் பரவாயில்லன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கேட்டிருக்கலாம்."

அவன் தலையாட்டினான். இந்த முறை ஒரே பக்கம்தான் ஆட்டினான்.

இருபதாவது நாள் காலை. அதே கண்ணாடி. அதே ஆறரை மணி. தோட்டைத் திருக அவள் இடது கையைத் தூக்கியபோது மாமியார் வந்து, "தள்ளு, நீ கழட்டறதுக்குள்ள மதியமாயிடும்" என்று தானே கழற்றி டப்பாவில் போட்டாள். பத்து நாளாக இதுதான் வழக்கம். அடுத்த கேள்வியும் வழக்கம்தான்.

"பத்துக்கு எத்தனை?"

"பர..." என்று ஆரம்பித்தவள், கண்ணாடியில் மாமியாரின் முறைப்பைப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொண்டாள். "அஞ்சு அத்தை. மழை பெஞ்சா ஆறு."

"அஞ்சும் கொஞ்சமில்ல. இன்னைக்கு ஈரத்துணி பக்கமே போகாத."

வலி முழுதாகப் போய்விடவில்லை. போகும் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை வந்து தட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஒன்பதுக்கும் ஐந்துக்கும் நடுவில் தூக்கம் இருந்தது, பசி இருந்தது, மகளின் பேச்சுக்குச் சிரிப்பு இருந்தது.

மகள் சீப்போடு வந்து, வழக்கம்போல பாட்டியின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வாசப்படியில் நின்றவளை மாமியார் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து இடம் விட்டாள்.

அவள் உட்கார்ந்தாள். முடியை மூன்றாகப் பிரித்தாள். முடி உள்ளங்கையில் உரசியது. எரிந்தது. பல்லைக் கடித்தாள், சீப்பைப் போடவில்லை. ஒரு பின்னல். இரண்டு. நெற்றி வியர்த்தது. "வலிக்குது அத்தை" என்று வாய்விட்டே சொன்னாள், சொல்லிக்கொண்டே மூன்றாவதையும் பின்னினாள். ஐந்தாவதில் முடி விரலிலிருந்து நழுவவும் மாமியார் மீதியை வாங்கிப் பின்னி முடித்து ரப்பரைப் போட்டாள்.

மகள் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "மேல கோணலா இருக்கு பாட்டி. அவுத்துப் பின்னுங்க."

"கைய வச்சே, பாத்துக்கோ!" என்றாள் மாமியார். "யாராவது கேட்டா, எங்கம்மா பின்னினதுன்னு சொல்லு."